இருபத்துநாலு வோல்ட்

செவ்வாய்க்கிழமை வந்த எச்சரிக்கை
வரைபடத்தில் ஊதா நிறமாக இருந்தது.
வெள்ளி இரவிலிருந்து ஒன்றரை மீற்றர் சினோ.
திசென்திஸுக்குக் கீழே பாதை அடைபடலாம்,
ரயிலும்.

எங்களுடையது முப்பது கட்டில் ஆஸ்பத்திரி.
மாடியில் ஆறு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள்.
வாரத்தில் மூன்று நாள்
பள்ளத்தாக்கின் இரத்தம் அங்கே வந்து
தன்னைக் கழுவிக்கொண்டு போகும்.
சனிக்கிழமைக்காரரை வெள்ளிக்கு இழுக்கவேண்டும்.
பதினொரு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன்.
பத்துப் பேர் சரி என்றார்கள்.
தெருங்ஸ் மட்டும்,
பசு கன்று போடுகிற நாள், வர ஏலாது என்றார்.
பொற்றாசியம் பசுவுக்காகக் காத்திராது, என்றேன்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, எத்தனை மணிக்கு, என்றார்.

ஒட்சிசன் உருளைகளை
மூன்று பேர் மூன்று முறை எண்ணினோம்.
மூன்று எண்கள் வந்தன.
குறைந்ததை நம்புவதென்று முடிவு.
குசினியில் நாற்பத்தாறு பாண் உறையப் போனது.
உடைமாற்றும் அறையில் எங்களுக்கு மடிப்புக் கட்டில்கள்;
குறட்டை விடுபவர் பட்டியலும் ஒட்டுங்கள் என்றாள்
இரவுத் தாதி உர்சினா.
அவள் பெயரைத்தான் முதலில் எழுதினோம்.

வெள்ளி, ஒன்றரை மணி.
நிலவறையில் குர்தின்
ஜெனரேற்றரை முடுக்கினான்.
டிக்.
மறுபடி டிக்.
தாங்கியில் எழுபது மணித்தியால டீசல்,
அதைப் பற்றவைக்க ஒரு பொறியில்லை.
போன மாதத் தாளில்
எல்லாம் சரி என்று கையெழுத்து இருந்தது,
அவனுடையதே.
கூரிலிருந்து புது மின்கலம் திங்கட்கிழமை வருமாம்.

கிரீஸ் கையோடு மேலே வந்தவன்
என்னைப் பார்க்கவில்லை.
யன்னலுக்கு வெளியே பார்த்தான்.
அங்கே தெருங்ஸின் உழவு இயந்திரம்,
பக்கத்தில் என் பழைய ஸ்கோடா.
"பன்னிரண்டும் பன்னிரண்டும்," என்றான் மெதுவாக.

தெருங்ஸின் இடக்கை நீட்டியபடி கிடந்தது,
இரண்டு ஊசிகளோடு.
குழாயில் அவர் போய் வந்துகொண்டிருந்தார்.
"திறப்பு வலப்பக்கப் பையில். நீயே எடு.
கழற்றிப்போட்டு நான் வீட்டை எப்படிப் போறது?"
"போகமாட்டீர்கள்."
அவர் என்னை அளந்தார்,
சந்தையில் மாட்டை அளக்கிற கண்ணால்.
"அப்ப உன்னுடையதையும் கழற்று."

நாலு மணி பத்து.
விளக்குகள் ஒருமுறை கண் மூடின.
ஆறு இயந்திரங்களும் சேர்ந்து கீச்சிட்டன.
அதன்பிறகு கீழேயிருந்து ஒரு உறுமல்
படிகளில் ஏறி வந்து
என் உள்ளங்காலில் நின்றது.
யாரும் கைதட்டவில்லை.
உர்சினா மட்டும் சூவிங்கத்தை விழுங்கிவிட்டாள்.

இரவு முழுக்க தெருங்ஸ் தொலைபேசியில் கன்று இழுத்தார்.
"அவள் முக்கும்போது மட்டும் இழு, மெங்கியா.
இப்ப இல்லை. இப்ப இல்லை.
இப்ப."
வார்டில் பாதிப்பேர் விழித்துக் கேட்டார்கள்.
மூன்று மணிக்கு
ஈரமாய் ஏதோ விழுந்த சத்தம் வந்தது என்று
சத்தியம் செய்பவர்கள் உண்டு.

நான் யன்னலைத் திறந்தேன்.
நட்சத்திரங்கள்.
கணவாய்க்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்ததாம்.
எங்களுக்கு ஒரு சாண்.

காலையில் படிவம் நிரப்பவேண்டியிருந்தது.
நிகழ்வு என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினான் குர்தின்.
குறிப்பு என்ற கட்டத்தில்
கடன் இரண்டு, திருப்பிக் கொடுக்கவேண்டும்.
போன மாதத் தாளை எடுத்து
தன் கையெழுத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

பாணைத் தின்று முடிக்க ஒன்பது நாள்.
உருளைகளின் எண்ணிக்கை இன்னும் ஒத்துவரவில்லை.

செவ்வாய்க்கிழமை தெருங்ஸ் தராசில் ஏறினார்.
மூன்று கிலோ கூட.
என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன்.
கன்று நல்லா நிற்குது, என்றார்.