இரண்டு வரிக்குள்

திரையின் அடியில் இரண்டு வரிதான் இடம்.
அதற்குள் அடங்கவேண்டும்
ஒரு கடற்கரை ஊர், அதன் ஓயாத மழை,
திட்டுவதற்கு முன்னால் மூன்று முறை
மன்னிப்புக் கேட்கும் ஒரு தபால்காரி.

காட்பாடி காந்தி நகரில் செல்போன் கடை ஷட்டரைப்
பாதி இறக்கிவிட்டு நான் நேரம் குறிப்பேன்.
வாய் திறக்கும் நொடி, மூடும் நொடி.
அர்த்தம் மேல்விஷாரத்திலிருந்து வரும்.
நஸீஹாவுக்கு வீட்டில் உருது, பள்ளியில் தமிழ்.
ஜப்பான் பாஷை யாரும் சொல்லித்தராமல்
பார்த்துப் பார்த்தே ஒட்டிக்கொண்டது.
பொம்மைப்படம் என்று சொல்லிவிடக் கூடாது.
"அனிமே" என்று திருத்துவாள்,
அதுவும் கடைசி எழுத்தை நீட்டாமல்.

பிரபுதாஸுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி, கட்டிங் பிரிவு.
தோலில் பழுது தேடும் கண்.
எங்கள் வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இங்க ஒரு சுருக்கம் கீது" என்பான்.
இருக்கும்.

மீன்காரர் 'இன்னா நைனா' என்று கேட்கலாமா?
ஒரு வாரம் சண்டை.
ஜப்பான்காரன் எப்படிடா நம்மூர்ப் பேச்சு பேசுவான்?
பாடப் புத்தகம் மாதிரி மட்டும் பேசுவானா?
கடைசியில் கேட்டார்.
அரக்கோணத்தில் யாரோ அதற்குச் சிரித்தாராம்.
அந்த அத்தியாயம் நூற்றுப் பதினேழு தடவை ஓடியது.
அதில் பதினொன்று பிரபுதாஸ்.

சாப்பிடும் முன் கைகூப்பி ஒரு சொல் சொல்கிறார்கள்.
"சாப்பிடலாம்" என்றேன். அது பசி என்றாள்.
"பிஸ்மில்லா" என்றாள். அது உங்க வீடு என்றான்.
அவன் வீட்டு ஜெபம் ஆறு வரி.
காலியாக விட்டோம்.
அந்த ஒன்றரை நொடிக்கு
கைகள் மட்டும்.

ஆனால் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே
தபால்காரி உள்ளே பார்த்துச் சொல்வது வேறு.
இங்கிலீஷில் 'கிளம்புகிறேன்' என்று போட்டிருந்தார்கள்.
நஸீஹா அன்று எழுதவில்லை, குரலாக அனுப்பினாள்,
மூச்சு வாங்க:
"இத்தே கிமாஸ். இத்தே, போயிட்டு. கிமாஸ், வரேன்.
அப்படியே நம்முது.
ஒரு எழுத்து கூட்டவேணாம், குறைக்கவேணாம்."
ஜங்ஷனில் ஏதோ ரயில் கத்திவிட்டுப் போனது.
நான் ஷட்டருக்குள் தனியாகக் கைதட்டினேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே வாசல்.
அவள் "போயிட்டு" என்கிறாள்.
மழை.
"வரேன்" வரவில்லை.
இங்கிலீஷில் இதை எப்படிப் பாதியில் நிறுத்துவான்?
நாங்கள் நிறுத்தினோம்,
வெட்டிய இடத்தில் நூல்கூடப் பிரியாமல்.
யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மே மாதம், கோட்டைப் பூங்காவில் ரசிகர்கள் கூட்டம்.
நாற்பத்திரண்டு டிகிரியில் நீல முடி விக்குகள்.
அகழிப் பக்கம் ஒரு போலீஸ்காரர்
தெர்மகோல் வாளைத் தட்டிப்பார்த்து
"இன்னா நாடகம்?" என்றார்.
மூன்று பேரும் அன்றுதான் நேரில் பார்த்தோம்.
பேச ஒன்றும் வரவில்லை.
மொழிபெயர்க்க எதிரில் யாரும் இல்லாததால் இருக்கலாம்.
பிரபுதாஸ் எங்கள் செருப்புகளைப் பார்த்தான்,
இரண்டுமே ரெக்ஸின் என்றான்.
அதற்குப் பிறகு சரியாகிவிட்டது.

புது பஸ் ஸ்டாண்டில் அவன் பஸ் முதலில் எடுத்தது.
படியில் தொங்கிக்கொண்டு
"போயிட்டு" என்றான்.
வாயை மூடிக்கொண்டான்.
"டேய், முழுசா சொல்லித் தொலைடா!"
நஸீஹா பத்தடி ஓடினாள்.
கண்டக்டர் விசில்தான் பதில்.

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியிருப்பான்.
போன் அதிர்ந்தது.
"வரேன்."
கீழே இன்னொன்று:
"நாப்பது நிமிஷம் லேட்டு. டைமிங்க சரி பண்ணு."