பன்னிரண்டு வயது வரை

விடியமுதல் எழும்பி
பதினாறு துண்டு பாணுக்கு வெண்ணெய் மட்டும் பூசினேன்.
ஓரம் வெட்டித் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன்.
பதினொரு மணிக்கு இவர்
மரக்கட்டைப் படகில் ஏறும்போது
பையையும் மடியில் ஏற்றிக்கொண்டார்.
உச்சியிலிருந்து தண்ணீருக்குள் விழுந்ததில்
எங்கள் மதியச் சாப்பாடு நனைந்து போயிற்று.
இவர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
மூன்று நுழைவுச்சீட்டுக்காக
ஒன்பது இரவு அலுவலகத் தரை துடைத்தவள் நான்.

சாருகேசனுக்குப் பதின்மூன்று.
அவன் தின்பது: வெறும் நூடுல்ஸ்.
பொரித்த உருளைக்கிழங்கு, நீளமானது மட்டும்.
எலும்பு, தோல், நரம்பு, ஊர்க்கதை
எதுவும் இல்லாத கோழி.
ஒன்றோடொன்று முட்டக் கூடாது.
பச்சை நிறத்தில் எதுவும்
மேசையின் அவன் பக்கத்தில் இருக்கக் கூடாது.
வளர வளரச் சரிவரும் என்றார் ஓஃபன்பூர்க் டாக்டர்.
வளர்ந்தான், என் தோளைத் தாண்டி.
பட்டியல் அந்த அளவிலேயே நிற்கிறது.

ரூஸ்ட் என்ற சின்ன ஊருக்குள்
நாடு நாடாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.
இத்தாலியில் நூடுல்ஸ் பதினைந்து யூரோ,
அதன் தலையில் துளசி மாதிரி ஓர் இலை.
"எடுத்துவிடலாம்" என்றேன்.
"இருந்த இடம் இருக்குமே" என்றான்.
கிரேக்கத்தில் எல்லாம் ஒரே தட்டில்
ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன.
ஸ்பெயினில் மஞ்சள் சோறு;
சிப்பி ஒன்று வாயைத் திறந்து எங்களைப் பார்த்தது.
அவன் மூக்கைப் பொத்தினான்,
நான் விலையைப் பார்த்து நெஞ்சைப் பொத்தினேன்.

ஒரு எல்லையிலும் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.
இருபது நிமிடத்தில் மூன்று நாடு.
இவருக்கு அந்த நாளில்
ஐரோப்பாவுக்குள் வந்து சேரப் பதினான்கு மாதம் எடுத்தது.
"அப்பவும் பசிதான்" என்றார்,
"ஆனா விலைப்பட்டியல் இல்லை."

ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில்,
எந்த நாட்டையும் சேராத ஒரு பெட்டிக்கடை.
பிள்ளைகள் தட்டு: கோழித்துண்டு ஐந்து, கிழங்குப் பொரியல்,
ஒரு ஜூஸ், ஒரு விளையாட்டுச் சாமான். ஏழரை யூரோ.
கீழே சின்ன எழுத்தில்: பன்னிரண்டு வயது வரை.
பெரியவர்களுக்கு அதே கோழி, அதே ஐந்து,
பதினான்கு யூரோ.

"முழங்காலை மடக்கி நில்லு."
"அம்மா!"
"வாய் திறக்காதை. கேட்டா தலையை மட்டும் ஆட்டு."

கடைக்காரிக்குக் காதில் செர்ரிப்பழத் தோடு.
என் ஜெர்மனை இஸ்திரி போட்டு எடுத்துச்
சுத்தமாகக் கேட்டேன்: ஒரு பிள்ளைகள் தட்டு.
அவள் பார்வை என்னைத் தாண்டி மேலே போனது,
இன்னும் கொஞ்சம் மேலே.
"கெச்சப்பா, மயோனைஸா?"

கடவுளே, அதைத் தவிர வேறு எதையும் கேட்டிருக்கலாம்.
"ரெண்டும் வேண்டாம்!"
ஜெர்மனில்தான் சொன்னான்.
பாதிக் குரல் குருவி, மீதி லாரி.
மூன்று மாதமாக அப்படித்தான்;
போனில் என் அக்கா "அத்தானோ?" என்று கேட்கிறாள்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
கடைக்காரி ஏழரை என்று அடித்தாள்.
நிமிர்ந்து, அவனிடம் மட்டும், மிக மரியாதையாக:
"டிராகன் பச்சையில்தான் இருக்கிறது. மன்னிக்கவும், ஐயா."

பலகை வாங்கில் இருந்தோம்.
டிராகனை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினான்.
கட்டைப் பொரியல்களை ஒவ்வொன்றாய் ஒதுக்கினான்;
அவை என் மதியம்.
இவர் ஈரப்பாணைப் பிழிந்து வாயில் போட்டு
"புட்டு மாதிரி இருக்கு" என்றார்.
இதைவிடப் பெரிய பொய்யை
நான் இன்று சொல்லவில்லை.

மிச்சம் ஆறரை யூரோ.
பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.
வாசலில் பஞ்சுமிட்டாய் விற்றார்கள். ஆறு யூரோ.
வெள்ளை. காற்றைத் தவிர எதையும் முட்டாமல்
குச்சியில் நின்றது.
அவன் கேட்கவில்லை, பார்த்தான்.

வயது வரம்பு எழுதியிருக்கவில்லை.
பாதியை இவர் தின்றுவிட்டார்.