பதினொன்றில் நான்கு

எங்களிடம் மொத்தம் பதினோரு விமானங்கள்.
பெரிய கம்பெனிக்கு அது ஒரு காலை ஷிஃப்ட்.
இரண்டு வைத்திருப்பவனுக்கு எட்டாத உயரம்.
நடுவில் இருப்பவனைத்தான்
எல்லாக் கடன்காரனும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

திருச்சி செம்பட்டில், ஓடுபாதை தெரியும்
ஏசி பழுதான இரண்டாம் மாடி அறை.
வெள்ளைப் பலகையில் நான்கு பெயர்கள்:
கே-ஜி, கே-எம், டி-பி, டி-ஆர்.
நான்குக்கும் குத்தகை மாசியோடு முடிகிறது.
பதிலுக்கு நான்கு புதியவை கேட்டு
முன்பணமும் கட்டியிருந்தோம்.
நேற்று தொழிற்சாலையிலிருந்து கடிதம்:
வருந்துகிறார்களாம். பதினாறு மாதம் தாமதம்.
வரிசையில் எங்களுக்கு முன்னால்
முந்நூறு நானூறு என்று கேட்டவர்கள் நிற்கிறார்கள்.

கடைமடை என்றால் என்னவென்று
பேராவூரணியில் பிறந்தவளுக்கு
யாரும் ஸ்லைடு போட்டு விளக்க வேண்டாம்.
கல்லணையில் பூத்தூவும் படம் பேப்பரில் வந்துவிடும்.
எங்கள் மதகுக்குத் தண்ணீர் வருவது வேறு செய்தி,
அதை யாரும் படம் எடுப்பதில்லை.
நாற்று விட்டுக் காத்திருப்பதா,
விதைநெல்லை மூட்டையிலேயே விடுவதா:
ஊரே ஆனியில் போடுகிற கணக்கை
நான் எக்செல்லில் போடுகிறேன்.

தனுஷ்கோடி, நிதிப் பிரிவு. யோசிக்கும்போது
பேனா மூடியைக் கடிப்பார்.
"வாடகையை இருபது சதம் ஏற்றுகிறான்.
அதுவும் இரண்டுக்குத்தான் நீட்டிப்பு.
மற்ற இரண்டை வேறொருவனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம்.
நமக்கு வேறு வழியில்லை என்று
டப்ளினில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரிந்தது?"
அறுவடை மிஷின்காரனுக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான்.
தையில் மேகம் கறுத்தால்
மணிக்கு ஐந்நூறு கூடும்.

புதியதில் எரிபொருள் பதினைந்து சதம் மிச்சம்.
ஆனால் அதன் இன்ஜின் பட்டறைக்குப் போனால்
எப்போது திரும்பும் என்று கடவுளும் சொல்வதில்லை.
பழையது குடிக்கும்.
என்றாலும் அதன் ஒவ்வோர் இருமலும் எங்களுக்கு அத்துப்படி.
புதியதில் ஆறு இருக்கை கூடுதல்,
வயிற்றில் ஒன்றரை டன் குறைவு.
சரக்குப் பிரிவு ஹாஜா மைதீன் எழுந்தே நின்றுவிட்டார்:
"ராத்திரி சிங்கப்பூர் முருங்கைக்காயை எங்கே ஏற்ற?
அந்த ஆறு பேர் மடியிலா?"
அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கே-ஜியும் கே-எம்மும் போகட்டும் என்று
ஏறக்குறைய எழுதிவிட்டேன்.
ஆறரைக்கு ரெஜினா வந்தாள்,
ஆவண அறையிலிருந்து, முழங்கை வரை தூசி.

கே-ஜியின் இடது இறக்கை மடலை நகர்த்தும் கருவி.
யார் கழற்றினார், யார் மாட்டினார் என்ற
தாள் ஒன்றைக் காணோம்.
எங்களுக்கு முன் அதை ஓட்டிய கம்பெனி
இப்போது பூமியிலேயே இல்லை.
கருவியில் குறையில்லை. ஒரு கீறல் கிடையாது.
பறக்கச் சட்டம் விடுகிறது,
திருப்பித் தர ஒப்பந்தம் விடவில்லை.
மாற்று வர ஒன்பது மாதம்,
அதுவரை நாளொன்றுக்கு அபராதம்.
பட்டா இல்லாத நிலம்:
உழலாம், விற்க முடியாது.

ஆகவே,
நான்கில் நல்லதான டி-ஆர் போகிறது.
நான்கில் மோசமான கே-ஜி
ஒரு தாள் தொலைந்த புண்ணியத்தில்
இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.
கொழும்புக்கு தினம் இரண்டு என்பது ஒன்றாகிறது.
'காரணம்' என்ற கட்டத்தில்
இயக்க வசதி கருதி என்று எழுதினேன்.
தனுஷ்கோடி இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.
பேனாவில் மூடி இல்லை.

பதினொன்றேகாலுக்கு கே-ஜி கிளம்பியது.
ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுவிட்டுத் திருகாமல் நின்றேன்.
கூத்தாநல்லூர், மன்னார்குடி என்று
மார்க்கரில் ஊர் எழுதிய, கயிறு கட்டிய பெட்டிகள்.
அவற்றுக்குக் கீழே முருங்கைக்காய்.
கொஞ்சம் அதிகமாகவே ஓடித்தான் எழும்பியது.
ஓர் ஏற்றம், என்று
பழக்கதோஷத்தில் எண்ணினேன்.
இறங்கினால்தான் கணக்கில் ஒன்று.