கெண்டை

விடியற்காலை மூன்று பத்துக்கு
என் வலது காலில் ஒரு மீன் துள்ளுகிறது.
கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவன்
இதே நேரம் எழும்பிக் குந்தியிருந்தவனாகத்தான் இருப்பான்.

பீல் நகரில் சனவரி.
ஹீட்டர் பத்து மணிக்கே படுத்துவிட்டது.
கட்டிலின் மறுகரையில் கௌசிகா.
ஒன்பது நாளாகப் பேச்சில்லை.
உப்புப் போத்தல் எங்கே என்பதைக்கூட
மகனின் வாயால்தான் கேட்கிறேன்.

வாழைப்பழம் தின் என்றான்
சமையலறையில் என்னோடு நிற்கும் அடெலினோ.
ஒரு குலை தின்றேன்.
மருந்துக்கடைக்காரி மக்னீசியம் தந்தாள்;
தோடம்பழ மணத்தோடு தண்ணீரில் பொரிந்தது.
மீன் அதையும் குடித்துக் கொழுத்தது.

டொக்டர் எஷ்லிமன் கேட்டாள்:
எவ்வளவு நேரம் நிற்கிறாய்?
ஒன்பது மணித்தியாலம், அடுப்புக்கு முன்னால்.
தண்ணீர்?
மறந்துபோவேன்.
பிரஷருக்கு, சலம் போக வைக்கிற குளிசை?
அது போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகுமாம்.
கொலஸ்ட்ரோலுக்கு? முட்டுக்கு அடிக்கிற பம்ப்?
சப்பாத்தைக் கழற்று, பாதம் தட்டையா பார்ப்போம்.
தைரொய்ட், ஈரல், சிறுநீரகம்,
நாரியில் நசுங்கிய நரம்பு
என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.
மூன்று சிறு குழாய்களில் என் இரத்தம்
எங்கோ போய்
ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தது.
காரணம் தெரியவில்லை என்று எழுதினாள்.
பலருக்கு அப்படித்தான் என்றாள், வெட்கப்படாமல்.
எனக்கு அது பிடித்திருந்தது.

இன்றைக்கு மீன்
பெருவிரலையும் சேர்த்து இழுக்கிறது.
தலையணையைக் கடிக்கிறேன்.
உயிர் போனாலும் அவளைக் கூப்பிடுவதில்லை.

போர்வை விலகுகிறது.
விளக்குப் போடாமலே
ஒரு கை குதிக்காலைப் பிடிக்கிறது.
மற்றக் கை விரல்களை
என் முகத்தின் பக்கமாக மடக்கித் தள்ளுகிறது,
ஒன்பது நாள் கோபத்தையும் போட்டு.
அவ்வளவு பலம் தேவையாகவும் இருந்தது.

"நீட்டு."
"எதை?"
"காலை. வாய் ஏற்கெனவே நீளம்."

கல் மெல்ல மெல்லப்
பிசைந்த மாவாகிறது.

எதற்குச் சண்டை பிடித்தோம்?
மகனின் நீச்சல் வகுப்புக் காசா,
அவள் தம்பி போன் எடுத்த அன்று
நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லா,
அதற்கும் முன்னால் ஏதாவதா?
டொக்டரின் கையெழுத்தில்தான்
பதில் வருகிறது.

கீழே தெருவில்
பனிக்கு உப்புத் தூவிக்கொண்டு ஒரு லொறி போகிறது.
அதன் மஞ்சள் விளக்கு
கூரையில் ஒருமுறை சுற்றிவிட்டுப் போகிறது.
வலி போய் எவ்வளவோ நேரம்.
நான் சொல்லவில்லை.
அவளும்
குதிக்காலை விடவில்லை.