ஏழாம் எண்

பர்னோ நகரத்தில் கடைசி டிராம் போன பிறகுதான்
என் கருவிக்குக் காது கேட்கும்.

பகலெல்லாம் பன்னிரண்டாம் எண் வண்டி
வளைவில் திரும்பும்போது
திரையில் ஒரு முள் எழும்.
அதையும் செல் என்றே எண்ணிவைத்தோம்,
மூன்று வாரம்.
வெறும் உப்புநீரில் நானூறு உயிர்கள்.
கண்டுபிடித்த அன்று த்ரஹோமிரா
டிராம் அட்டவணை ஒன்றை வாங்கிவந்து
திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.
யாரோடும் பேசவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை கருவி.
கண்ணாடிமேல் ஒரு சிலிக்கோன் துண்டு,
துண்டுக்குள் மயிரிழையில் பாதிகூட இல்லாத வாய்க்கால்,
அதன் தரையில் பொன்னால் இரண்டு பட்டை.
ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் வழி உண்டு.
முண்டியடித்தால் அடைப்பு.
அடைப்பு என்றால் ஹினெக் வருவான்,
பம்ப் பழுதுபார்க்கிறவன்,
சீட்டியடித்துக்கொண்டே
நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக்
காற்றுக்குமிழியை வெளியே அனுப்புகிறவன்.

நாங்கள் சாயம் பூசுவதில்லை,
வெளுத்துப்போகும் என்ற பயமும் இல்லை.
ஒளிரும் சீட்டு எதையும் செல்லின் மேல் குத்துவதில்லை.
கேட்பது ஒன்றுதான்:
எவ்வளவு மறிக்கிறாய்?
தாழ்ந்த அதிர்வெண்ணில் கேட்டால்
மின்சாரம் சுற்றிக்கொண்டு போகும்,
செல் தன் பருமனைச் சொல்லும்.
உயர்த்திக் கேட்டால் தோல் வழிவிடும்,
உள்ளே இருப்பது தெரியவரும்.
செத்த செல்லுக்கு இந்த வித்தியாசமே கிடையாது.
எப்படிக் கேட்டாலும் திறந்த வீடு.

புதன்கிழமைகளில் ஹினெக் கொஞ்சம் ரத்தம் தருவான்.
ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும் எங்களுக்கு,
பாதாம் போட்ட சாக்லேட் வேண்டும் அவனுக்கு.
குழாயில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
ஏழு என்று எழுதுவோம்.
ஏழுக்குப் பாதாம் பிடிக்கும் என்பது
இந்த மாடிக்கே தெரியும்.

சிவப்பைக் கரைத்துவிட்டு
வெள்ளையை ஓடவிட்டேன்.
மூன்று கூட்டமாகப் புள்ளிகள் விழவேண்டும்.
விழுந்தன.
சற்றுத் தள்ளி நான்காவதாக ஒன்று.
பருமனானவை.
உயர்த்திக் கேட்டபோது
மற்றவை சொல்லாத எதையோ சொன்னவை.

டிராம், என்றேன் எனக்கே.

நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தேன்.
குளிர்ப்பெட்டியின் செருகியைப் பிடுங்கினேன்.
கதவிடுக்கில் நாற்காலி வைத்து
லிஃப்டை அங்கேயே நிறுத்தினேன்.
புது வாய்க்கால். புது உப்புநீர்.
ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் பனி,
சக்கரம் பட்ட தடமே இல்லாத பனி.

நான்காவது கூட்டம் அதே இடத்தில்.

இது என்னவென்று கருவிக்குத் தெரியாது.
பெயர் கேட்காமலே பிரித்தறியும் என்று
மானிய விண்ணப்பத்தில் எழுதியவள் நான்தான்.
அந்த வரிக்காகத்தான் பணம் தந்தார்கள்.
இனி சாயம் வேண்டும்,
ஆஸ்பத்திரி வேண்டும்,
பெயர் வைக்கத் தெரிந்த யாராவது வேண்டும்.

போன வாரம் தொண்டைவலி என்றான்.
அதுவாகவும் இருக்கலாம்.
அதுவாகத்தான் இருக்கும் என்று
எழுதிப்பார்த்து அடித்தேன்.

விதிப்படி ஏழு யாரென்று எனக்குத் தெரியாது.
விதியை எழுதியவர்
அந்தச் சீட்டியைக் கேட்டிருக்க மாட்டார்.

நாலேமுக்காலுக்கு முதல் வண்டி.
திரையில் முள் எழுந்தது.
பொய்ச் செல், நீக்கினேன்.
அடுத்ததையும், அதற்கடுத்ததையும்.

ஆறு நாற்பதுக்கு இன்னொரு முள்.
அந்த வண்டியில்தான் அவன் வருவான்.

அதை நீக்கவில்லை.
எழுந்துபோய்
லிஃப்ட் கதவிலிருந்து நாற்காலியை எடுத்தேன்.