மட்டம்

பெட்டாலுமா. பதினேழாம் எண் இடம்.
வேலிக்கு அப்பால் டயர் கடை,
அதற்கும் அப்பால் எங்கோ திராட்சை மலைகள்.

கேரவன் மேசையில் ஒயின் பாட்டிலைப் படுக்க வைத்தாள் மார்லிஸ்.
கதவுப்பக்கம் உருண்டது.
"இன்னும் ஒரு கட்டை!"
முனகிக்கொண்டே சக்கரத்தடியில் செருகினார் டுவைட்.

வாங்கி ஆறு வருடம்,
அவர் ஈரல் கெட்டு ஐந்து.
மூன்று மாநிலங்களில்
வண்டியின் சாய்வைச் சொல்வதே
அதற்கு உத்தியோகம்.

அடுத்த வண்டி யூசேபியோ
ராத்திரி முழுக்கக் குலை அறுத்துவிட்டு
அப்போதுதான் வந்திருந்தான்.
கறுத்த விரலால் லேபிளைத் தடவி,
"தெரிந்த தோட்டம்தான்.
மேல்வரிசையில் குளவி அதிகம்."
குடித்துப் பார்த்ததில்லையாம்.

பாட்டில் கொஞ்சம் தயங்கி
நின்றது.

மார்லிஸ் இழுப்பறையில்
கார்க் திருகியைத் தேடினாள்.
சாய்வு பார்க்க
காலி பாட்டிலும் உருளும்.