பதினோரு நிமிடக் கடல்

தம்பியின் வக்கீல் நோட்டீஸ் வந்த செவ்வாய்க்கிழமை
இடது காதில் மறுபடி அது வந்தது.
குக்கர் விசில் என்று எழுந்து போய்
அணைந்திருந்த அடுப்பை அணைத்தேன்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
பிறர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுப்பது என் வேலை.
இருபத்திரண்டு வருடம்.
எத்தனை பேருடைய பாகப்பிரிவினை
இந்த விரல்கள் வழியாகப் போயிருக்கும்!
ஒன்றுக்கும் காது இரைந்ததில்லை.
திருப்பாதிரிப்புலியூரில் அப்பா விட்டுப்போன
இரண்டே கால் சென்ட்டுக்கு இரைகிறது.

ஜிப்மரில் டோக்கன் அறுபத்துநாலு.
கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள்.
கேட்டுக்கொண்டே இருந்தது.
எது அவர்களுடையது, எது என்னுடையது
தெரியாமல்
நியாயத்துக்குப் பொதுவாக
ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தினேன்.

காரைக்கால் பேச்சு பேசிய சின்ன டாக்டர் சொன்னாள்:
"வெளியிலேர்ந்து எதுவும் வரல அக்கா.
நரம்பு தானாப் பேசுது.
கவலை ஏறினா அதும் ஏறும்.
நிசப்தத்துல மட்டும் உக்காராதீங்க."
கவலைக்கு மாத்திரை கேட்டேன்.
காபியைக் குறைக்கச் சொன்னாள்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஃபேன் தன் கடைசிச் சுற்றை இழுத்து இழுத்துச் சுற்றி
நின்றதும்
தலைக்குள் யாரோ இரும்பு அறுக்கத் தொடங்கினார்கள்.
அந்தக் காதைத் தலையணையில் அழுத்தினால் அதிகம்.
திரும்பிப் படுத்தால் அதைவிட.
தணிகாசலத்தை எழுப்பி "கேக்குதா?" என்றேன்.
பத்தாம் தடவை.
"இல்லம்மா" என்றான்,
பத்தாம் தடவையும்
கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு.

விடிந்ததும் ஸ்கூட்டியில் தேவனாம்பட்டினம்.
அலைக்கு முன்னால் நின்றால் அது இல்லை.
இல்லையா, முங்கிக் கிடக்கிறதா
என்று பார்க்கப் பயந்து
போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்
கடலைப் பதிவு செய்தேன்.
பதினோரு நிமிடம். அதற்குள் சார்ஜ் தீர்ந்தது.
பீச் ரோடு தாண்டுவதற்குள்
பின் சீட்டில் ஏறிக்கொண்டது பழைய ஆள்.

அந்த டிசம்பருக்குப் பிறகு
இந்த ஊரில் கடலை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை.
நான் கூப்பிட்டேன்.
தலைமாட்டில், சன்னமாக, திரும்பத் திரும்ப.
முதல் இரவு தணிகாசலம் துள்ளி எழுந்து
கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தரையைத் தடவினான்.
தரை காய்ந்திருந்தது.
ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டான்,
காலை மட்டும் மடக்கி.

எட்டாவது நிமிடத்தில் ஒரு குரல் இருக்கிறது.
பதிவு செய்தபோது நான் கவனிக்காதது.
"டேய் கபிலு, செருப்ப எங்கடா வுட்ட?"
யார் அந்தப் பெண், தெரியாது.
கபிலன் பதில் சொல்வதில்லை.
அலை வருகிறது, போகிறது,
பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை
அந்தச் செருப்பு மறுபடி தொலைகிறது.

இப்போது என் இரவுகளுக்கு அதுதான் கணக்கு.
நல்ல நாள் என்றால் இரண்டு தடவை.
மாதக் கடைசியில் ஏழு.
தம்பி போன் செய்து
"நீ வேலை பாக்குற கோர்ட்டுங்குற திமிரு" என்ற இரவு
பதினேழு.
பதினேழாவதில் நானே வாய்விட்டுச் சொன்னேன்:
அங்கதான் இருக்கும், படகுக்குக் கீழ பாருடா.

வெள்ளிக்கிழமை எங்கள் கேஸ், பக்கத்து ஹாலில். வாய்தா.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
பார்ட்டியாகப் போய் நின்றேன்.
வராந்தா ஓரம் தம்பி,
நரைத்த தாடி, என்னைப் பார்க்காத முகம்,
ஸ்கூட்டர் சாவியால்
இடது காதைக் குடைந்துகொண்டிருந்தான்.
நிறுத்தினான். தலையை ஒருபக்கம் சாய்த்தான்.
மறுபடி குடைந்தான்.

எனக்குத் தெரியும் அந்தச் சாய்ப்பு.
உனக்குமாடா, என்று
வாய் வரைக்கும் வந்தது.
அதற்குள் டவாலி பெயரைக் கூப்பிட்டான்:
முதலில் அவனை, பிறகு என்னை,
இரண்டு பெயருக்கும் ஒரே அப்பாவைச் சொல்லி.

அன்றிரவு ஆறு தடவை தொலைந்தது செருப்பு.
ஏழாவது எனக்குத் தெரியாது.